வழிப்போக்கருக்கு ஒரு சுவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிரேக்க, ரோமானியச் சமயங்களையும் தத்துவங்களையும் பற்றி நான் எழுதிவரும் கட்டுரைகளை விடாமல் படிப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் ஒரு குற்றச்சாட்டை வைத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துச் சாதாரண மக்களுக்குக் கோயிலும் பலியும் திருவிழாவும் இருந்தன. தத்துவம் என்பது அடிமைகள் உழைத்துப் போட, உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பேச்சு. அதை இன்று நாம் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? இதுதான் உங்கள் கேள்வி.

கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதை மழுப்ப மாட்டேன். பிளேட்டோ ஏதென்ஸின் பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று வாதிட்டார். செனகா ரோமாபுரியின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டீடஸின் பெயரை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு உங்கள் வாயை அடைப்பது முறையாகாது. ஆகவே உங்களுக்கு ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

துருக்கியின் தென்மேற்கில் ஃபெத்தியே என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுக்குள் சென்று மலையேறினால், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் ஓய்னோவாண்டா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். அன்றைக்கு அது லிகியா என்னும் நாட்டின் வட எல்லை ஊர்களில் ஒன்று. ரோமப் பேரரசின் மூலையில் கிடந்த மலையூர். 1884-ஆம் ஆண்டு மொரிஸ் ஹொல்லோ, பியர் பாரி என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே சிதறிக் கிடந்த கற்களில் கிரேக்க எழுத்துகள் பொறித்த ஐந்து துண்டுகளைக் கண்டார்கள். பேரரசரைப் புகழும் கல்வெட்டோ, யாரோ ஒரு வள்ளலின் கொடைப் பட்டியலோ அல்ல அவை. இயற்பியலும் அறவியலும் பேசின. அடுத்த சில ஆண்டுகளில் துண்டுகள் பெருகின. 1968 முதல் மார்ட்டின் ஃபெர்குசன் ஸ்மித் என்ற ஆங்கிலேய அறிஞர் தம் வாழ்நாளையே அந்த மலைக்குக் கொடுத்தார். இன்று ஏறத்தாழ முந்நூறு துண்டுகள் கைவசம் உள்ளன.

அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது இது. அந்த ஊரில் டயோஜினிஸ் என்று ஒருவர் இருந்தார். பீப்பாயில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டயோஜினிஸ் அல்ல. அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். பேரரசர் ஹாட்ரியனின் காலத்தில், அதாவது கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அவர் ஊரின் நடைமண்டபம் ஒன்றின் சுவரில் கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸின் போதனை முழுவதையும் கல்லில் வெட்டி வைத்தார். தூண் வரிசையும் கூரையும் கொண்ட மண்டபம். வெயிலுக்கும் மழைக்கும் மக்கள் ஒதுங்கும் இடம். சுவரின் நீளம் ஏறத்தாழ 80 மீட்டர் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரம். மொத்தம் 25,000 சொற்கள் அளவுக்கு எழுத்து. பண்டைய உலகிலிருந்து நமக்குத் தெரிந்தவற்றுள் இவ்வளவு பெரிய தத்துவக் கல்வெட்டு வேறு கிடையாது.

படிப்பவரை மனத்தில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். கண் மட்டத்துக்கு அருகில் உள்ள பகுதிகளில் எழுத்து சிறியது. உயரத்தில் இருந்த வரிசைகளில், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, எழுத்து பெரியது. அறவியல் பகுதிக்கு அடியில் எபிக்யூரஸின் பொன்மொழிகள் ஒரே நீண்ட வரியாக ஓடின. நடந்துகொண்டே படிக்கலாம். மேல் வரிசையில் முதுமையைப் பற்றி ஒரு தனி நூல்; முதியவர்களை ஏளனம் செய்யும் இளைஞர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் கூட இருக்கின்றன.

ஏன் இப்படிச் செய்தார்? காரணத்தை அவரே சுவரில் சொல்லியிருக்கிறார். தம் ஆயுள் அந்திக்கு வந்துவிட்டது, உடம்பும் சரியில்லை. துன்பப்படுகிறவர்கள் ஒருவர் இருவர் என்றால் தனித்தனியே உட்காரவைத்துப் பேசியிருப்பார். ஆனால் கொள்ளைநோய் பரவியதுபோலப் பெரும்பாலான மக்கள் பொய்யான எண்ணங்களால் வாடுகிறார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு அது தொற்றுகிறது, ஆகவே மருந்தைப் பொது இடத்தில் வைக்கிறேன் என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. இனிமேல் பிறக்கப் போகிறவர்களும் நமக்கு வேண்டியவர்களே என்கிறார். வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் இது உரியது என்கிறார். பூமியின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவருக்குச் சொந்த ஊராக இருந்தாலும், உலகம் முழுவதும் எல்லோருக்கும் ஒரே நாடு, ஒரே வீடு என்பது அவர் வாதம்.

மருந்து என்ன? எபிக்யூரஸின் பள்ளி அதை நான்கு கூறுகளாகச் சுருக்கி வைத்திருந்தது. கடவுளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வாழ்வுக்குத் தேவையான நன்மை எளிதில் கிடைக்கும். தாங்க முடியாததாகத் தோன்றும் துன்பமும் தாங்கக்கூடியதே. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் புதைத்த ஹெர்குலேனியம் நகரத்தில், கருகிப்போன சுருள்களில் ஒன்றில், ஃபிலோடெமஸ் என்ற எபிக்யூரியர் இதை இப்படி நான்காகக் கூறியிருப்பது கிடைத்திருக்கிறது. இதன் அடியில் இருப்பது அணுக் கொள்கை. எல்லாம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது. உயிரும் அணுக்களின் சேர்க்கை. சேர்க்கை கலைந்தால் உணர்வு இல்லை. உணர்வில்லாதவனை எந்த நரகமும் தண்டிக்க முடியாது. தெய்வங்கள் இருக்கின்றன, ஆனால் அவை தம் நிறைவில் வாழ்கின்றன, நம்மைத் தண்டிப்பதும் இல்லை, நமக்குப் பரிசளிப்பதும் இல்லை. இடிமின்னலுக்கும் கிரகணத்துக்கும் இயற்கையான காரணம் உண்டு. எபிக்யூரஸுக்கு இயற்பியல் அறிவுப் பசிக்கான தீனியாக இருக்கவில்லை. பயம் போக வேண்டும் என்பதற்காகவே அதைப் படிக்கச் சொன்னார்.

இதை அன்றைய சூழலில் வைத்துப் பாருங்கள். அதே ஓய்னோவாண்டாவில், அதே ஹாட்ரியன் காலத்தில், கயஸ் யூலியஸ் டெமாஸ்தனிஸ் என்ற செல்வர் ஒரு பெருவிழாவுக்கு அறக்கட்டளை அமைத்தார். பேரரசர் கி.பி. 124-இல் அதற்கு ஒப்புதல் தந்தார். அந்த ஆவணமும் நீண்ட கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. எக்காளம் ஊதுவோர், கட்டியம் கூறுவோர், கவிஞர்கள், குழல் கலைஞர்கள், நாடகக் கலைஞர்கள், யாழிசைத்துப் பாடுவோர் என்று போட்டிகள், பரிசுத் தொகைகள். விழாத் தலைவர் அணிவதற்குப் பேரரசரின் உருவமும் ஊர்த்தெய்வமான அப்போலோவின் உருவமும் பதித்த தங்கக் கிரீடம். சுற்றுவட்டார ஊர்கள் ஒவ்வொன்றும் பலிக்கு எத்தனை காளை தர வேண்டும் என்ற பட்டியல். ஒழுங்கு காக்க வெள்ளாடை உடுத்தி, கேடயமும் சாட்டையும் ஏந்திய இருபது பேர். நீங்கள் சொன்ன மக்கள் சமயம் இதுதான். அழகும் இரைச்சலும் இறைச்சியும் சாட்டையும் சேர்ந்தது. அந்த விழாவை நான் இழிவாக நினைக்கவில்லை. மலையூர் மக்களுக்கு வயிறார இறைச்சி கிடைத்த நாட்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் அங்கே யார் எங்கே நிற்க வேண்டும், யார் என்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விதிக்கப்பட்டிருந்தது. டயோஜினிஸின் சுவருக்கு முன்னால் நிற்க யாரும் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரே ஊரின் இரண்டு பணக்காரர்கள் தங்கள் பணத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பதை இவ்வளவு தெளிவாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பண்டைய உலகில் அரிது.

எழுத்தறிவு இல்லாதவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையினர்தான். ஆயினும் அது வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் பரவலாக இருந்த காலம். மண்டபத்தில் நிற்பவர் ஒருவர் படித்தால் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சுருளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சுவரிலிருந்து தோட்டத்துக்குப் போவோம். எபிக்யூரஸ் கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தார். ஏதென்ஸிலிருந்து அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். தந்தை பள்ளி ஆசிரியர். மகா அலெக்சாண்டர் இறந்தபின் அந்தக் குடியேறிகள் தீவிலிருந்து துரத்தப்பட்டார்கள். நிலம் பறிபோன குடும்பத்துப் பிள்ளை அவர். கி.மு. 306 அளவில் ஏதென்ஸ் வந்து, நகர வாயிலுக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கினார். பள்ளிக்கு ‘தோட்டம்’ என்றே பெயராயிற்று. அங்கே பெண்கள் வந்தார்கள். லியோன்டியோன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃப்ராஸ்டஸை மறுத்து நூல் எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ அதை நினைத்து எரிச்சல்படுகிறார், அந்தப் பெண்ணை வேசி என்று ஏசுகிறார். அடிமைகளும் அங்கே தத்துவம் பயின்றார்கள். அவர்களில் மிஸ் என்பவர் பெயர் பெற்றவர்.

இன்பமே வாழ்வின் இலக்கு என்று எபிக்யூரஸ் சொன்னார் என்பதால், விருந்தும் கூத்துமாக வாழ்ந்த கூட்டம் என்று அவர்களைப் பற்றி அன்றே வதந்தி கிளம்பியது. எதிர்ப்பள்ளியான ஸ்டோயிக் பள்ளியைச் சேர்ந்த டயோட்டிமஸ் என்பவர் எபிக்யூரஸின் பெயரில் ஐம்பது ஆபாசக் கடிதங்களைப் போலியாக எழுதிப் பரப்பினார். உண்மையில் அந்தத் தோட்டத்தில் சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும்தான். ஒரு சட்டி பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதியிருக்கிறார் எபிக்யூரஸ். வேண்டும்போது அதையே விருந்தாக்கிக்கொள்ளலாமாம். பசியும் தாகமும் குளிரும் இல்லாதிருப்பது, மனத்தில் கலக்கம் இல்லாதிருப்பது, பக்கத்தில் நண்பர்கள் இருப்பது: அவர் சொன்ன இன்பம் இவ்வளவுதான்.

இந்தப் பள்ளியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி புளூட்டார்க் எழுதியது. அவர் எபிக்யூரியர்களுக்கு நண்பர் அல்லர், அவர்களை எதிர்த்து நூல்கள் எழுதியவர். ஆகவே புகழ்ச்சிக்காகச் சொல்லியிருக்க மாட்டார். கி.மு. 295-94-இல் மன்னர் டெமெட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டார். நகரத்தில் கொடிய பஞ்சம். அப்போது எபிக்யூரஸ் தம்மோடு இருந்தவர்களுக்கு அவரையைக் கொட்டை கொட்டையாக எண்ணிப் பங்கிட்டு உயிர் காத்தார். இன்பம் பற்றி எத்தனை நூல்களை அவர் எழுதியிருந்தாலும், அவர் தத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த உரை இல்லை என்பேன். வாழ்வுக்குத் தேவையானது கொஞ்சம், அதைப் பகிர்ந்தால் போதும் என்று சொன்னவர், சோதனை வந்த அன்று எண்ணிப் பங்கிட்டுக் காட்டினார்.

கி.மு. 270-இல் சிறுநீரகக் கல் அடைப்பால் கடும் வலியில் இறந்தார். சாகும் நாளில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. நண்பர்களோடு பேசிய பேச்சுகளின் நினைவு வலிக்கு ஈடாக நிற்கிறது என்று அதில் சொல்லிவிட்டு, முன்பே இறந்துபோன தோழர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். உயிலும் எஞ்சியிருக்கிறது. மிஸ், நிக்கியாஸ், லைக்கோன் என்ற மூன்று ஆண்களுக்கும் ஃபெட்ரியோன் என்ற பெண்ணுக்கும் விடுதலை அளிக்கிறது அந்த உயில்.

இங்கே உங்கள் குற்றச்சாட்டுக்கு நான் திரும்ப வேண்டும். எபிக்யூரஸ் சாகும்வரை அவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள் என்பதும் அந்த உயில் சொல்லும் செய்திதானே? ஆம். மெட்ரோடோரஸின் மகளை வயது வந்ததும் பள்ளியைச் சேர்ந்தவர்களில் யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று புதிய தலைவர் தீர்மானிப்பார் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கேட்டதாக இல்லை. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று எபிக்யூரஸ் சொல்லவில்லை. அரசியலிலிருந்து விலகி இரு என்பது அவர் போதனை. அந்த விலகலின் விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். தோட்டத்துக்குள் வந்த அடிமைக்கு மரியாதை கிடைத்தது. லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் மடிந்த அடிமைக்குத் தோட்டத்தால் எந்தப் பயனும் இல்லை.

டயோஜினிஸும் குறையற்றவர் அல்லர். உலகம் ஒரே வீடு என்று எழுதிய அதே சுவரில், தெய்வ பயத்தால் மனிதர் நல்லவர் ஆவதில்லை என்று காட்ட யூதர்களையும் எகிப்தியர்களையும் உதாரணம் சொல்கிறார். எல்லோரிலும் மூடநம்பிக்கை மிகுந்தவர்கள் அவர்கள், எல்லோரிலும் இழிந்தவர்களும் அவர்களே என்கிறார். அந்தக் கல்லை நான் ஒளிக்க மாட்டேன். அந்நியர் யாரும் இல்லை என்று சொன்ன வாய்க்கு இரண்டு இனங்களை மொத்தமாக இகழ மனம் வந்தது. கொள்கை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது, எந்த இடத்தில் விட்டுவிடுகிறது என்பதை அந்தத் துண்டு காட்டுகிறது.

ஆனால் இன்னொரு துண்டும் இருக்கிறது. பாதி சிதைந்தது. எல்லோருக்கும் தெளிவு வாய்க்கும் ஒரு காலத்தை அதில் டயோஜினிஸ் கற்பனை செய்கிறார். தெய்வங்களின் வாழ்வு மனிதர்களிடம் வந்து சேரும். நீதியும் அன்பும் நிறைந்திருக்கும். கோட்டை மதில்கள் வேண்டாம், சட்டங்கள் வேண்டாம். சாப்பாட்டுக்கு? மனிதர்கள் தாங்களே உழுவார்கள், தோண்டுவார்கள், பயிரைக் காப்பார்கள். இடையிடையே தத்துவமும் பேசுவார்கள். உழைப்பையும் சிந்தனையையும் ஒரே மனிதரின் கைக்கும் தலைக்கும் தரும் கனவு அது. உழைத்துப் போட ஒருவர், உட்கார்ந்து பேச ஒருவர் என்ற உங்கள் குற்றச்சாட்டை, பேசுகிறவர்களின் பக்கத்திலிருந்தே ஒருவர் கல்லில் எழுப்பியிருக்கிறார்.

இந்தப் பள்ளி எவ்வளவு பரவலாக வேரூன்றியிருந்தது என்பதற்கு எதிரிகளே சாட்சி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கருங்கடல் கரையில், அபோனோடைக்கஸ் என்ற ஊரில், அலெக்சாண்டர் என்பவர் கிளைக்கோன் என்ற பாம்புத் தெய்வத்தை நிறுவி, காசு வாங்கிக் குறி சொன்னார். அந்தத் தெய்வத்தின் உருவம் பொறித்த நாணயங்கள் உண்டு. ருமேனியாவின் கான்ஸ்டன்சாவில் 1962-இல் அதன் பளிங்குச் சிலையே கிடைத்தது. எழுத்தாளர் லூசியன் இந்த மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். நாத்திகர்கள், கிறிஸ்தவர்கள், எபிக்யூரியர்கள் மூவரும் வெளியேறட்டும் என்று அறிவித்துவிட்டுத்தான் அலெக்சாண்டர் தம் சடங்குகளைத் தொடங்குவாராம். எபிக்யூரஸின் நூலைச் சந்தையில் அத்தி விறகில் எரித்துச் சாம்பலைக் கடலில் கொட்டினாராம். ஏழைகளின் பயத்தில் பணம் பண்ணியவருக்கு யாரைக் கண்டு பயம் என்று பாருங்கள்.

அதே நூற்றாண்டில் மேலிடத்திலும் அவர்களுக்கு ஓர் ஆதரவு இருந்தது. பேரரசர் டிராஜனின் மனைவி புளோட்டினா, கணவர் இறந்த பிறகு, கி.பி. 121-இல் ஹாட்ரியனுக்கு எழுதிய கடிதம் ஏதென்ஸில் கல்வெட்டாகக் கிடைத்தது. எபிக்யூரியப் பள்ளியின் தலைமைக்கு ரோமக் குடியுரிமை இல்லாதவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுமதி கேட்கிறார். ஹாட்ரியன் தந்தார்.

ஓய்னோவாண்டா மண்டபம் பண்டைக் காலத்திலேயே பிரிக்கப்பட்டது. கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. அதனால்தான் ஊர் முழுக்கச் சிதறிக் கிடைக்கின்றன. இதுவரை கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் நமக்கு இது பெரிய பேறு. நம் நாட்டுப் பொருள்முதல்வாதிகளான பூதவாதிகளையும் உலகாயதரையும் நினைத்துப் பாருங்கள். மணிமேகலையிலும் நீலகேசியிலும் அவர்கள் மறுக்கப்படுவதற்காகவே பேச வருகிறார்கள். அவர்களின் சொந்த நூல் எதுவும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. எபிக்யூரியர்களின் குரலோ அவர்களுடைய சொந்த வாயிலிருந்தே கேட்கிறது. கல்லில் கேட்கிறது, கருகிய சுருளில் கேட்கிறது.

தத்துவம் யாருக்குச் சொந்தம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: ஒரு தத்துவத்தை எழுதியவரின் சொத்துக் கணக்கைப் பாருங்கள், தவறில்லை, கூடவே அது யாரை உள்ளே விட்டது, யாரை நோக்கிப் பேசியது என்பதையும் பாருங்கள். இரண்டையும் பார்த்தபின் தோட்டத்துக்காரர்களை உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் பட்டியலில் சேர்க்க என்னால் முடியவில்லை.

எபிக்யூரஸ் மெனோக்கியஸுக்கு எழுதிய கடிதத்தை முதலில் படியுங்கள். சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய வரலாறுகளை அதற்குப் பிறகு எடுங்கள். படித்துவிட்டு, பொதுவாழ்விலிருந்து விலகி நின்று ஒருவர் நல்லவராக வாழ முடியுமா என்பதைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் எபிக்யூரஸோடு உடன்படவில்லை; நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்